எடுத்த முடிவும் வந்த முடிவும்

கேள்வி: வேலை முடிந்த பிறகு ஆன்லைனில் போக்கர் ஆடுகிறேன். நோ லிமிட் ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டு, மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு), ஆறு பேர் மேஜை, ஒரே நேரத்தில் நாலு மேஜை. முதல் இரண்டு மாதம் கணக்கு ஏறிக்கொண்டே போனது. கடந்த மூன்று வாரத்தில் 9,000 கைகள் (சீட்டுப் பகிரும் சுற்றுகள்) ஆடி 700 பிக் பிளைண்ட் (கட்டாய ஆரம்பப் பந்தயம், அதுவே கணக்கிடும் அலகு) இழந்திருக்கிறேன். ஒரே வாரத்தில் இரண்டு முறை கிங் ஜோடியோடு ஆல் இன் (இருந்த சிப்ஸ் எல்லாவற்றையும் பந்தயமாக வைத்து) போனேன். இரண்டு முறையும் எதிராளியிடம் ஏஸ்-குயின், இரண்டு முறையும் ஏஸ் விழுந்தது. இப்போது கிங் ஜோடி வந்தால் ரெய்ஸ் செய்யவே (பந்தயத்தை ஏற்றவே) பயம், ஃப்ளாப்பை (முதல் மூன்று பொதுச் சீட்டுகளை) பார்த்துவிட்டுத்தான் ஆடுகிறேன். அதே வாரம் ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) நடுவில் ஒரே ஒரு சீட்டு தேவைப்பட்ட நிலையில் டர்னில் (நாலாவது பொதுச் சீட்டில்) கால் செய்தேன் (எதிராளியின் பந்தயத்துக்கு ஈடாகக் கட்டினேன்), ரிவரில் (கடைசிச் சீட்டில்) அது வந்து பெரிய பாட் (நடுவில் சேர்ந்த பணம்) கிடைத்தது. அப்புறம் அந்த மாதிரி கால் அடிக்கடி செய்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருப்புத் தொகையைப் பார்க்கிறேன். "முடிவைப் பார்க்காதே, ஆட்டத்தைப் பார்" என்கிறார்கள் நண்பர்கள். முடிவைப் பார்க்காமல் நான் சரியாக ஆடுகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய ஆட்டக்காரர்களுக்கு இப்படியெல்லாம் நடக்கிறதா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மேலே இருப்பது உங்கள் மடலின் சுருக்கம். முழு மடலில் 'முடிவு' என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. சில இடங்களில் அது நீங்கள் எடுத்த முடிவு. மற்ற இடங்களில் சீட்டு காட்டிய முடிவு. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். யோசித்து ஒன்றைத் தீர்மானித்தாலும் முடிவு, பரீட்சையில் மதிப்பெண் வந்தாலும் முடிவு. அன்றாடப் பேச்சில் இதனால் தொல்லை இல்லை. போக்கர் மேஜையில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டதுதான் உங்களை இந்த மூன்று வாரமாக ஆட்டிவைக்கிறது. அதனால் இந்தப் பதிலில் முதலாவதைத் 'தீர்மானம்' என்றும் இரண்டாவதை 'விளைவு' என்றும் எழுதுகிறேன். உங்கள் தலைக்குள்ளும் கொஞ்ச நாள் அப்படியே பேசிப் பாருங்கள்.

முதலில் கிங் ஜோடி. ஃப்ளாப்புக்கு முன்னால் ஏஸ்-குயினுக்கு எதிராகக் கிங் ஜோடி வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம். அப்படியென்றால் பத்துக்கு மூன்று முறை தோற்கும். அடுத்தடுத்து இரண்டு முறையும் தோற்க 9 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது பதினொரு வாரம் இப்படி இரண்டிரண்டு தடவை மோதினால் சராசரியாக ஒரு வாரம் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். இதில் எதிராளி செய்தது எதுவும் இல்லை, நீங்கள் தவறவிட்டதும் எதுவும் இல்லை. பணம் உள்ளே போன நொடியில் உங்கள் தீர்மானம் முடிந்துவிட்டது. அந்த நொடியில் அது மிக நல்ல தீர்மானம். பிறகு விழுந்த ஐந்து சீட்டுகள் அதை நல்லதாகவும் ஆக்கவில்லை, கெட்டதாகவும் ஆக்கவில்லை.

இப்போது நீங்கள் செய்துகொண்ட 'திருத்தத்தை'ப் பார்ப்போம். கையில் கிங் ஜோடி இருக்கும்போது ஃப்ளாப்பில் ஒரு ஏஸாவது விழும் வாய்ப்பு 23 சதவீதம். அந்த 23-க்குப் பயந்து மீதி 77-லும் சும்மா கால் செய்து எல்லோரையும் மலிவாக உள்ளே விடுகிறீர்கள். ஃப்ளாப்புக்கு முன் நீங்கள் ஏற்றியிருந்தால் குயின் ஜோடி, ஜாக் ஜோடி, ஏஸ்-குயின் வைத்திருந்தவர்கள் பணம் கட்டியிருப்பார்கள். அந்தப் பணம் உங்களுக்கு வரவே இல்லை. வராத பணம் கணக்கில் தெரியாது, அதனால் வலிக்காது. ஏஸ் விழுந்து போன பாட் மட்டும் ராத்திரி தூங்கும்போதும் கண்ணில் நிற்கிறது.

இரண்டாவது கை எனக்கு இதைவிடக் கவலை தருகிறது. நீங்கள் தோற்ற கைகளைப் பற்றி மூன்று பத்தி எழுதியிருக்கிறீர்கள், வென்ற இந்தக் கையைப் பற்றி இரண்டே வரி. நீங்கள் கொடுத்த அளவுகளின்படி டர்னில் பாட் 60 பிக் பிளைண்ட், எதிராளி 40 போடுகிறார். நீங்கள் 100-ஐப் பெறுவதற்காக 40 கட்ட வேண்டும். பார்க்காத சீட்டுகள் 46, அதில் உங்களுக்கு வேண்டிய அந்தச் சீட்டு இனத்துக்கு ஒன்றாக நாலு. 23 தடவை இதே நிலையில் கால் செய்தால் சராசரியாக 2 தடவை அந்தச் சீட்டு வரும், 21 தடவை வராது. வந்தால் இரண்டு நூறு, 200. வராவிட்டால் 21 நாற்பது, 840. நிகரமாக 640 போகிறது. சரி, சீட்டு வந்தபோதெல்லாம் ரிவரில் இன்னும் 60 வாங்கிவிடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 520 போகிறது. ஒரு தடவை கால் செய்தால் 20 பிக் பிளைண்டுக்கு மேல் நஷ்டம். கிங் ஜோடி தோற்றதால் ஒரு நல்ல பழக்கத்தை விட்டீர்கள். இந்தக் கை ஜெயித்ததால் ஒரு கெட்ட பழக்கத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். இரண்டு தடவையும் உங்களுக்குப் பாடம் சொன்னது விளைவு. இரண்டு தடவையும் அது தவறாகச் சொன்னது.

இதை எழுதும்போது என் பழைய நோட்டு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆட ஆரம்பித்த இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒரு மாதம் அமைந்தது, தொட்டதெல்லாம் ஜெயித்தது. அந்த மாதம் ஒரு கையைக்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயிக்கிறவனுக்கு எதற்கு மறுபார்வை என்று இருந்தேன். அடுத்த மாதம் பெரிய பந்தய மேஜைக்கு ஏறினேன், இறங்கினேன். பிறகு உட்கார்ந்து அந்த ஜெயித்த மாதத்தின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் ஆடியதிலேயே மோசமான ஆட்டம் அந்த மாதத்தில்தான் இருந்தது. ரிவரில் எனக்கு வரக்கூடாத சீட்டெல்லாம் வந்திருந்தது, அவ்வளவுதான். இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது அவர்கள் வென்ற பெரிய பாட்டுகளைத்தான்.

விளைவைப் பார்த்துத் தீர்மானத்தை எடை போடுவது உங்களுடைய குறை மட்டும் இல்லை, மனித மனத்தின் பொதுக் குணம். ஜோனதன் பாரன், ஜான் ஹெர்ஷி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988-இல் இதைச் சோதித்து எழுதினார்கள். அறுவை சிகிச்சை செய்யலாமா என்று ஒரு மருத்துவர் தீர்மானிக்கிறார். அவருக்குத் தெரிந்த விவரங்கள் எல்லாம் ஒன்றுதான். ஒரு கதையில் நோயாளி பிழைக்கிறார், இன்னொன்றில் இறந்துபோகிறார். படித்தவர்கள் பிழைத்த கதையில் வரும் மருத்துவரின் தீர்மானத்துக்கு நல்ல மதிப்பெண்ணும், இறந்த கதையில் குறைந்த மதிப்பெண்ணும் போட்டார்கள். மருத்துவர் அறிந்தது இரண்டிலும் ஒன்றே. போக்கரில் இந்தச் சோதனை உங்களுக்கு ஒரு ராத்திரியில் நூறு தடவை நடக்கிறது.

சரி, உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். விளைவைப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? விளைவைப் பார்த்தாலும் தெரியாது என்பதுதான் முதல் பதில். எவ்வளவு நாள் தெரியாது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

2015-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய கிளாடிகோ என்ற கணினி நிரலுக்கும் நாலு தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கும் நேருக்கு நேர் ஹோல்டெம் போட்டி நடந்தது. மொத்தம் 80,000 கைகள். அதிர்ஷ்டத்தைக் குறைக்க ஓர் ஏற்பாடும் செய்திருந்தார்கள். ஒரு மேஜையில் மனிதருக்குப் போன சீட்டு இன்னொரு மேஜையில் நிரலுக்குப் போகும், நிரலுக்குப் போனது அங்கே மனிதருக்கு வரும். அப்படியும் இறுதியில் மனிதர்கள் 7 லட்சத்து 32 ஆயிரத்துக்கு மேல் சிப்ஸ் முன்னால் இருந்தும், புள்ளியியல்படி இதை வெற்றி என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள் ஆய்வாளர்கள். 2017-இல் லிப்ராட்டஸ் என்ற புதிய நிரலோடு மறுபடி மோதியபோது கைகளின் எண்ணிக்கையை 1,20,000 ஆக்கினார்கள். இந்தத் தடவை நிரல் 100 கைக்கு 14-க்கும் மேற்பட்ட பிக் பிளைண்ட் வீதம் வென்றது. சந்தேகத்துக்கு இடமில்லாத வெற்றி. சீட்டை மாற்றிப் போட்டு, 80,000 கை ஆடியும் யார் கெட்டிக்காரர் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. நீங்கள் 9,000 கையை வைத்துக்கொண்டு உங்களைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

உங்கள் அளவிலேயே கணக்குப் போடுவோம். ஆறு பேர் மேஜையில் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் 100 கைக்கு 80 முதல் 100 பிக் பிளைண்ட் வரை இருக்கும். இது புள்ளியியலில் திட்டவிலக்கம் என்று சொல்வது. 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரர், 100 கைக்கு 5 பிக் பிளைண்ட் வெல்லும் திறமை உள்ளவர். 10,000 கையில் அவருக்குச் சராசரியாக 500 சேர வேண்டும். ஆனால் அந்த 10,000 கையின் திட்டவிலக்கமோ 900. அப்படிப்பட்ட நல்ல ஆட்டக்காரர்கள் பத்துப் பேரை உட்கார வைத்தால், 10,000 கை முடிவில் ஏறக்குறைய மூன்று பேர் நஷ்டத்தில் இருப்பார்கள். 1,00,000 கை ஆடிய பிறகும் நூற்றுக்கு நாலு பேர் நஷ்டத்தில் இருப்பார்கள். ஆகவே உங்கள் மைனஸ் 700 உங்களைப் பற்றி மிகக் குறைவாகத்தான் சொல்கிறது. உங்கள் முதல் இரண்டு மாத லாபமும் அவ்வளவு குறைவாகத்தான் சொன்னது. இந்தப் பின்பாதியையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கு நடக்குமா என்று கேட்டீர்கள். 2003 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி, களத்தில் பத்தே பேர் மிச்சம். ஃபில் ஐவி கையில் இரண்டு ஒன்பது, கிறிஸ் மணிமேக்கரிடம் ஏஸ்-குயின். ஃப்ளாப்பில் இரண்டு குயினும் ஓர் ஆறும். டர்னில் ஒன்பது. ஐவிக்கு ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொன்றில் இரண்டு), சிப்ஸ் எல்லாம் உள்ளே போனது. மீதி 44 சீட்டில் மணிமேக்கரைக் காப்பாற்றக்கூடியவை ஏழு: ஒரு குயின், மூன்று ஏஸ், மூன்று ஆறு. ரிவரில் ஏஸ். ஐவி பத்தாவது இடத்தோடு எழுந்து போனார், மணிமேக்கர் அந்தப் பட்டத்தையே வென்றார். டர்னில் ஐவி செய்ததில் ஒரு பிழையும் இல்லை. மூன்று குயினோடு ஏஸையும் வைத்திருந்த மணிமேக்கர் கால் செய்ததிலும் பிழை இல்லை. இருவரும் சரி, ஒருவர் வெளியே.

ஆனால் இதைப் படித்துவிட்டு "விளைவு முக்கியமே இல்லை" என்று நீங்கள் ஒரேயடியாக நிம்மதி அடைந்துவிடக் கூடாது. இந்தச் சொல்லைத் திரையாகப் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் தோற்றுக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தோல்விக்கும் வேரியன்ஸ் (அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம்) என்று பெயர் வைத்துவிட்டு அடுத்த மேஜையைத் திறப்பார்கள். பாட்டிலிருந்து ஆட்டத் தளம் எடுத்துக்கொள்ளும் கட்டணமான ரேக்கையும் தாண்டி ஜெயித்தால்தான் லாபம். எதிராளிகளைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடுகிறவர்கூட ரேக்கைக் கட்டி நஷ்டத்தில் முடிவது சாதாரணம். நீங்களும் அப்படிப்பட்டவராக இருக்கலாம். அதைச் சோதிக்கும் இடம் இருப்புத் தொகை இல்லை, உங்கள் தீர்மானங்கள். அவற்றை விளைவு கண்ணில் படாமல் பரிசோதிக்க வேண்டும், கடுமையாகவே பரிசோதிக்க வேண்டும்.

என் மாணவர்களோடு நான் செய்வதைச் சொல்கிறேன். ஆடும்போது கடினமாகத் தோன்றும் கையை, தீர்மானம் எடுத்த அந்த இடத்திலேயே, அடுத்த சீட்டு விழுவதற்கு முன் குறித்து வையுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. தோற்ற பிறகு குறித்தால் தோற்ற கைகள் மட்டும் சேரும், ஆய்வு முழுக்க ஒப்பாரியாகிவிடும். மறுநாள், அன்றைக்கே வேண்டாம், அந்தக் கைகளை எடுங்கள். தீர்மானம் வரைக்கும் மட்டும் பாருங்கள். எதிராளியிடம் என்னென்ன கைகள் இருக்கலாம், எனக்கு எத்தனை சதவீதம் தேவை, எத்தனை இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதிய பிறகு ஒரு மதிப்பெண் போடுங்கள். விளைவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பார்க்காமலே விட்டாலும் நல்லது. நண்பரிடம் கருத்துக் கேட்கும்போதும் இதே கட்டுப்பாடு. "கிங் ஜோடி வைத்து ஆல் இன் போனேன், ஏஸ் விழுந்துவிட்டது" என்று ஆரம்பித்தால் எவ்வளவு நல்ல நண்பரும் கோணலாகத்தான் பதில் சொல்வார்.

மென்பொருளில் 'ஆல் இன் எதிர்பார்ப்பு' என்று ஒரு கோடு வரும். உண்மையில் வென்றதற்குப் பதிலாக, ஆல் இன் போன நொடியில் நியாயமாக எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று அது காட்டும். பார்க்கலாம், கொஞ்சம் ஆறுதல் தரும். ஆனால் அது ஆல் இன் போன பிறகு நடந்த அதிர்ஷ்டத்தை மட்டும்தான் கழிக்கிறது. உங்கள் கிங் ஜோடிக்கு எதிரே ஏஸ் ஜோடி வந்து உட்கார்ந்தால் அதை அது கழிக்காது. அதையே வேதவாக்காக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் இருப்புத் தொகையை இன்றைக்கே மறைத்துவிடுங்கள். சிப்ஸைப் பணமாகக் காட்டாமல் பிக் பிளைண்டாகக் காட்டும் அமைப்பும் பல தளங்களில் உண்டு, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். 'இன்னும் இவ்வளவு எடுத்துவிட்டு எழுந்திருக்கிறேன்' என்ற கணக்கு வேண்டாம், நேரம் வைத்து ஆடுங்கள். ஒன்றரை மணி நேரம் என்றால் ஒன்றரை மணி நேரம். அதற்கு முன்னால் எழுந்திருக்க ஒரே காரணம் உங்கள் தீர்மானத்தின் தரம். எனக்கு அது முதலில் விரலில் தெரியும். வழக்கமாக நாலைந்து நொடி எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஒரே நொடியில் அழுத்துவேன். உங்களுக்கு வேறு அடையாளம் இருக்கும், ஐந்தாவது மேஜையைத் திறப்பதாக இருக்கலாம், எதிராளியின் பெயரைப் பார்த்ததும் பல்லைக் கடிப்பதாக இருக்கலாம். கண்டுபிடித்து வையுங்கள். டில்ட் (நிதானம் இழந்து ஆடும் நிலை) முழுசாக ஏறிய பிறகு யாராலும் அதைப் பார்க்க முடியாது. நாலு மேஜையை இரண்டாகக் குறையுங்கள் என்பதும் என் கருத்து. நாலு மேஜையில் ஒரு தீர்மானத்தை யோசிக்கும்போது இன்னொரு மேஜை மணி அடிக்கிறது, அங்கே கை தானாகப் போகிறது.

பணத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், கணக்கில் இன்னும் 13 பை-இன் (ஒரு மேஜையில் உட்காரப் போடும் தொகை) இருக்கிறது என்று. மேலே சொன்ன ஏற்ற இறக்கத்துக்கு இது போதாது. இதே மேஜைக்கு நான் குறைந்தது 50 வைத்திருக்கச் சொல்வேன். ஒரு படி கீழே, பாதிப் பந்தயத்துக்கு இறங்குங்கள். கணக்கு கரைந்துவிடுமோ என்ற பயத்தில் உட்கார்ந்திருக்கும் வரைக்கும் தீர்மானத்தைப் பற்றி நான் எழுதுவது எதுவும் உங்கள் காதில் ஏறாது. இது வீட்டுச் செலவுக்கோ கடனுக்கோ போக வேண்டிய பணமாக இருந்தால் இறங்குவது போதாது, நிறுத்துங்கள். வீட்டில் மறைத்து ஆடுவது, விட்டதைப் பிடிக்க மறுபடி பணம் போடுவது, நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது என்று ஏதாவது இருந்தால் அது போக்கர் பயிற்சியாளர் தீர்க்கிற விஷயம் இல்லை. சூதாட்டப் பழக்கத்துக்கு உதவும் மனநல ஆலோசகரிடம் போங்கள், தள்ளிப்போட வேண்டாம். உங்கள் மடலில் அந்த அறிகுறி எனக்குத் தெரியவில்லை. தூக்கம் கெடுவதாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மடலில் மூன்றாவதாக ஒரு கை இருந்தது. உங்களிடம் ஸ்பேட் ஏஸும் ஸ்பேட் எட்டும். மேஜையில் ஸ்பேட் கிங், ஸ்பேட் ஆறு, டைமண்ட் மூன்று, டர்னில் ஹார்ட் பத்து. பாட் 30, எதிராளி 10 போடுகிறார், நீங்கள் கால் செய்தீர்கள். "இதிலாவது சரியாக ஆடினேனா?" என்று கேட்டுவிட்டு ரிவரில் என்ன வந்தது என்று அடுத்த வரியில் எழுதியிருந்தீர்கள். 40-ஐப் பெற 10 கட்டுகிறீர்கள், மொத்தம் 50-இல் 10, அதாவது 20 சதவீதம் தேவை. ஃப்ளஷ்ஷுக்கு (ஐந்தும் ஒரே இனம்) 46-இல் ஒன்பது சீட்டு, 19.6 சதவீதம். அதோடு வேறு ஏஸ் விழுந்தாலே ஜெயிக்கும் சந்தர்ப்பங்கள் சில உண்டு. ஃப்ளஷ் வந்தால் ரிவரில் மேலும் கொஞ்சம் வாங்கவும் முடியும். கால் செய்தது சரி. அடுத்த வரியை நான் படிக்கவில்லை.